வாணிபமும் இல்லறமும்: அன்னை கதீஜா நாயகி (ரலி)

கணவனும் மனைவியும் ஒரே வியாபாரத்தில் இறங்கினால் கடைச் சச்சரவு வீட்டுக்கும், வீட்டுச் சச்சரவு கடைக்கும் போகும். அதிலும் போட்ட பணம் மனைவியுடையதாகவும், உழைப்பு கணவனுடையதாகவும் இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பு. அத்தகைய நிலையில் 25 ஆண்டுகள் இல்லறம் நடத்திக் காட்டிய பெருமாட்டியார் அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள்.

மக்கமாநகரில் குறைஷிக் குலத்தின் அஸத் கிளையில், குவைலித் என்பாரின் மகளாராகப் பிறந்தார்கள். அவர்களின் ஒழுக்கம் கண்ட ஊரார், தூயவர் என்னும் பொருள்பட 'தாஹிரா' என்றழைத்தனர். தாம் பயணம் போகாமல், நாணயமானவர்களிடம் முதலை ஒப்படைத்து ஷாம் நாட்டுக்குச் சரக்கு அனுப்புவார்கள். இதுவே முளாரபா முறை. இலாபத்தைப் பேசிய விகிதப்படி இருவரும் பகிர்ந்து கொள்வர். நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும்.

'அல்அமீன்' என்று பெயர் பெற்றிருந்த பெருமானார் (ஸல்) அவர்களிடம், ஏறத்தாழ கி.பி. 595-ல் நாயகியார் தம் சரக்கை ஒப்படைத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகப் பங்கு தருவதாகப் பேசி, தம் பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பினார்கள். வாணிபம் நல்ல இலாபத்துடன் முடிந்தது. பெருமானாரின் நேர்மையை மைஸரா வந்து எடுத்துரைத்தார். அதன் பின்னரே நஃபீஸா என்னும் தோழியார் வழியாகத் திருமணப் பேச்சு எழுந்தது. அப்போது பெருமானாருக்கு வயது 25. நாயகியாருக்கு 40 என்பது பெருவழக்கு. 28 என்பாரும் உளர். மணமகள் செல்வச் சீமாட்டி என்பதால் மஹர் விடுபடவில்லை. 20 ஒட்டகங்கள் கொடுக்கப்பட்டதாக இப்னு ஹிஷாம் எழுதுகிறார்.

கணக்கு முதலில், கல்யாணம் பிறகு என்ற இந்த வரிசையை வணிகர்கள் கவனிக்க வேண்டும்.

சோதனை பின்னர்தான் வந்தது. பெருமானார் ஹிரா குகையில் நாட்கணக்கில் தனித்திருக்கலானார்கள். வியாபாரத்தை விட்டு மலைக்குப் போகிறாரே என்று நாயகியார் முணுமுணுக்கவில்லை. உணவு தயாரித்துக் கொடுத்தார்கள். 610-ல் முதல் வஹீ வந்து, பெருமானார் நடுங்கியபடி இல்லம் திரும்பியபோது, போர்த்தித் தேற்றி, முதன்முதலில் ஈமான் கொண்டவரும் அவர்களே.

616 முதல் 619 வரை ஹாஷிம், முத்தலிப் கிளையாரைக் குறைஷிகள் ஒதுக்கி வைத்தனர். அவர்களோடு கொள்வதில்லை, கொடுப்பதில்லை, பெண் எடுப்பதில்லை என்று எழுதிக் கஃபாவில் தொங்கவிட்டனர். நாயகியாரோ அஸத் கிளையில் பிறந்தவர்கள். பிறந்தகம் போயிருந்தால் அத்தடை அவர்களைத் தொட்டிராது. ஆயினும், இலைகளைத் தின்று பசியாறிய அந்தக் கணவாயில் கணவருடனேயே தங்கினார்கள். அவர்களின் சகோதரர் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் மறைவாகக் கோதுமை கொண்டுவர முயன்றபோது அபூஜஹ்ல் மறித்தான். பெருவணிகம் செய்த சீமாட்டிக்கு ஒரு மூட்டைத் தானியமும் எளிதில் கிட்டாத காலம் அது. தடை நீங்கிய பின், 619-ல் நாயகியார் மறைந்தார்கள்.

தம் செல்வத்தால் துணை நின்றவர் கதீஜா என்பதைப் பெருமானார் பிற்காலத்திலும் மனந்திறந்து சொல்லி வந்தார்கள். ஆடு அறுத்தால் நாயகியாரின் தோழியருக்கும் பங்கு அனுப்புவார்கள். 624-ல் பத்ருப் போருக்குப் பின், கைதியான கணவரை மீட்க மகளார் ஸைனப் (ரலி) அனுப்பிய கழுத்து மாலை, தாயார் கதீஜா அணிவித்தது. அதைக் கண்டதும் பெருமானாரின் உள்ளம் உருகிற்று.

நம்மில் மனைவியின் நகையை விற்றுக் கடை வைத்தவர்கள் உண்டு. மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது என்பது ஷரீஅத். அவர் கொடுத்தது கடனா, பங்கா, அன்பளிப்பா என்பதை அன்றே பேசி எழுதி வைப்பது பிற்காலச் சச்சரவைத் தடுக்கும். பேசிய பின் மனைவி சொல்லிக் காட்டலாகாது, கணவன் மறந்துவிடலாகாது. முன்னதற்கு நாயகியாரும், பின்னதற்குப் பெருமானாரும் நமக்கு முன்மாதிரி.

அல்லாஹ் நம் இல்லங்களிலும் கடைகளிலும் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.