ஆச்சாரியாரும் மூதறிஞரும்

ஓசூரில் ஷிப்டு மாறும் வேளை. ஆலை வாசலில் ஒரு கூட்டம் வெளியே வருகிறது. ஒரு கூட்டம் உள்ளே போகிறது. லேத்தில் நிற்பவன் உழவனின் மகன்; அளவு பார்ப்பவன் நெசவாளியின் மகன்; கணக்கு எழுதுபவள் சலவைத் தொழிலாளியின் மகள். இந்த ஆலைகளுக்குச் சில மைல் தொலைவில் இருக்கிறது தொரப்பள்ளி. அந்தச் சிற்றூரில்தான் 1878 டிசம்பர் 10-ல் ஊர் முன்சீப்பின் மகனாகப் பிறந்தார் ராஜாஜி.

அவரை ஆச்சாரியார் என்று நாம் அழைத்த காலம் உண்டு. மூதறிஞர் என்று அழைத்த காலமும் உண்டு. ஒரே மனிதருக்கு இரண்டு பெயர் ஏன் வந்தது? இன்றைய தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூரில் கல்லூரிப் படிப்பு, சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ல் சேலத்தில் வழக்கறிஞரானார். வாதத் திறமையும் வளர்ந்தது, வருமானமும் வளர்ந்தது. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். 1918-ல் வரதராஜுலு நாயுடு மீது அரசாங்கம் ராஜத்துரோக வழக்குத் தொடுத்தபோது அவருக்காக வாதாடினார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும், கட்சிக்காரர்கள் காத்துக் கிடக்க, பணம் கொழித்த அந்தத் தொழிலையே உதறினார். அடுத்து அவர் கண்டது கோர்ட்டு அல்ல, வேலூர்ச் சிறை.

வக்கீலாக இருந்தவர் 1930-ல் தளபதியானார். படை உண்டு, ஆயுதம் இல்லை! ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடந்தனர். நடைப் பாட்டு நாமக்கல் கவிஞர் எழுதித் தந்தது. தொண்டர்களுக்குச் சோறு போட்டால், இடம் கொடுத்தால் சிறை என்று மிரட்டினார் தஞ்சைக் கலெக்டர் தார்ன். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள்! மரத்தின்மீது எந்தக் கலெக்டர் வழக்குப் போடுவார்? படை வேதாரண்யம் சேர்ந்தது, உப்பு அள்ளியது, தளபதி கைதானார்.

இந்தத் தியாகத்தை நாம் என்றும் மறுத்ததில்லை. ஆனால், 1937-ல் முதல்வர் பொறுப்பு ஏற்றவர் மறு ஆண்டே பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்தினார். தமிழகம் கொதித்தது. பெரியார் சிறை சென்றார். 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். உப்புக்காகச் சிறை சென்றவரின் ஆட்சியில், மொழிக்காகச் சென்றவர்களுக்குச் சிறை!

மீண்டும் 1952-ல் ஆட்சிக்கு வந்தார். மறு ஆண்டு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம்: பாதி நேரம் பாடம், மீதி நேரம் தகப்பன் தொழில். வண்ணான் மகனுக்கு வெள்ளாவி, குயவன் மகனுக்குச் சக்கரம்! குலக்கல்வி என்று பெயரிட்டு நாம் எதிர்த்தோம். அதுவும் சேர்ந்ததே 1953-ன் மும்முனைப் போராட்டம். 1954-ல் அவர் பதவி விலகினார். காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால், ஓசூர் லேத்தில் உழவனின் மகன் நின்றிருப்பானா? எண்ணிப் பாருங்கள்!

ஆயினும் அவர் வரலாறு அங்கே முடியவில்லை. இந்தியை நுழைத்த அதே மனிதர், 1950-களின் பிற்பகுதியில், இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து எழுந்தார். வயது எண்பதை நெருங்கிய பிறகு, தம் பழைய கருத்துக்கு எதிராகத் தாமே வாதாடினார். எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? 1959-ல் சுதந்திராக் கட்சியைக் கண்டார். 1967-ல் அண்ணாவோடு கைகோத்தார். தி.மு.க. 137 இடங்களில் வென்று ஆட்சி அமைத்தது. ஆச்சாரியார் நமக்கு மூதறிஞரானார்.

1971 தேர்தலில் மீண்டும் எதிர் அணி. அதே ஆண்டு மதுவிலக்கைத் தள்ளிவைக்க அரசு முனைந்தது. 1937-ல் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். பொறுப்பாரா? 92 வயதில், கொட்டும் மழையில், தாம் எதிர்த்த கலைஞரின் வீடு தேடிச் சென்று வேண்டாம் என்றார். நிதி நெருக்கடி அன்று வென்றது, கடைகள் திறந்தன. கலைஞரே 1974-ல் மீண்டும் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதைக் காண அவர் இல்லை; 1972 டிசம்பர் 25-ல் மறைந்துவிட்டார்.

சம்பள நாளன்று ஓசூர்த் தொழிலாளி வீட்டில் காத்திருக்கும் மனைவியைக் கேளுங்கள்; அந்தக் கிழவர் மழையில் நனைந்தது ஏன் என்று அவள் சொல்வாள்.

குலக்கல்வியை மறக்க மாட்டோம். மறந்தால் நம் பிள்ளைகளின் படிப்புக்குத் துரோகம். வேதாரண்யத்தையும் மறக்க மாட்டோம். மறந்தால் நன்றிக்குத் துரோகம். எதிரியின் குற்றத்தை எடை போடும் தராசிலேயே அவன் குணத்தையும் வைக்க வேண்டும். தொரப்பள்ளிக்காரர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்க வேண்டியது அது.