ஜொனாதன் டிரம்புலும் கனெக்டிகட் அரசின் படைத்திரட்டலும்

முன்னுரை

போர் வரலாறுகள் படைத்தலைவர்களை முன்னிறுத்தும் அளவிற்குப் படைக்கு உணவும் உடையும் அளித்தோரைப் பேசுவதில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் (1775-1783) கனெக்டிகட்டின் ஆளுநராக விளங்கிய ஜொனாதன் டிரம்புல் அவ்வாறு பின்தள்ளப்பட்டவருள் ஒருவர். நிலைப்படையோ நிறைந்த கருவூலமோ இல்லாத ஓர் அரசு, குடிகளின் நம்பிக்கையையே முதலாகக் கொண்டு போரை நடத்தியது என்பதையும், அம்முதல் இறுதியில் தேய்ந்தது என்பதையும் அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

இளமையும் வணிகமும்

டிரம்புல் 1710 அக்டோபரில் கனெக்டிகட்டின் லெபனான் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹார்வர்டு கல்லூரியில் 1727இல் பட்டம் பெற்றுச் சமயப் பணிக்கு ஆயத்தமானார். வணிகத்தைக் கவனித்துவந்த தமையன் 1732இல் கடற்பயணத்தில் மறையவே, தந்தையின் தொழிலை ஏற்றார். கால்நடைகளைத் திரட்டிப் பாஸ்டன் சந்தைக்கு ஓட்டிச் செல்லுதல் அக்குடும்பத்தின் தொழில்களுள் ஒன்று. பிரெஞ்சுக்காரருடன் நிகழ்ந்த முந்தைய போரில் படைகளுக்குப் பொருள் வழங்கிய பட்டறிவும் அவருக்கு இருந்தது. எனினும் 1760களின் நடுப்பகுதியில் கடன் பெருகி அவர் வணிகம் வீழ்ந்தது. கடன் என்பது நம்பிக்கையின் மறுபெயர் என்பதை அவர் தம் இழப்பிலிருந்தே அறிந்தார் எனலாம்.

ஆளுநர் பதவி

1662ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி கனெக்டிகட்டின் ஆளுநரை அரசர் அமர்த்துவதில்லை. குடிகளே ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தனர். 1769இல் அப்பதவியை ஏற்ற டிரம்புல், போர் தொடங்கியபோது கிளர்ச்சியின் பக்கம் நின்று போர் முடியும்வரை பதவியில் நீடித்தார். பிற குடியேற்ற ஆளுநர் எவர்க்கும் இந்நிலை வாய்க்கவில்லை. ஆயினும் அவரது அதிகாரம் குறுகியது. சட்டமும் வரியும் பேரவையின் கையில் இருந்தன. பேரவை கூடாத காலத்தில் முடிவெடுக்க 1775இல் பாதுகாப்பு மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. லெபனானில் டிரம்புலின் பழைய கடையே அம்மன்றம் கூடும் இடமாயிற்று. மக்கள் அதனைப் போர் அலுவலகம் என வழங்கினர்.

படைத்திரட்டல்

1775 ஏப்ரலில் லெக்சிங்டன் மோதல் நிகழ்ந்தபின், குடிப்படையில் நான்கில் ஒரு பங்கினரைத் திரட்டி ஆறு படையணிகள் அமைக்கப் பேரவை ஆணையிட்டது. அவ்வீரர்கள் குறித்த காலத்திற்கு ஒப்பந்தம் செய்துகொண்ட உழவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் காலம் முடிந்ததெனக் கருதிப் பலர் பாஸ்டன் முற்றுகையை விட்டு ஊர் திரும்பியது வாஷிங்டனைச் சினமூட்டியது. உரிமைக்காகப் போரிட வந்தோர் ஒப்பந்தத்தையும் தம் உரிமையாகவே கருதினர். அவர்களைத் தண்டித்து நிறுத்தும் வலிமை ஆளுநருக்கு இல்லை. மீண்டும் மீண்டும் கேட்டுப் பெறுதலே வழியாயிற்று. போரின் பிற்பகுதியில் ஊர்மக்களைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் ஒரு வீரனை அளிக்கும் முறையும் கையாளப்பட்டது.

வழங்கல்

வெடியுப்பும் வெடிமருந்தும் செய்வோர்க்கு அரசு ஊக்கத்தொகை அறிவித்தது. சாலிஸ்பரியின் இரும்பு உலையைத் தன்வசமாக்கிப் பீரங்கிகள் வார்ப்பித்தது. சட்டை, காலுறை, காலணி ஆகியவற்றை ஊர்தோறும் வீரர் எண்ணிக்கைக்கேற்பப் பகிர்ந்து சுமத்தியது. உணவுப்பொருள் ஏற்றுமதியைத் தடுத்து, விலைக்கும் வரம்பு விதித்தது. டிரம்புலின் மகன் ஜோசப், பொதுப்படையின் முதல் உணவு வழங்கல் தலைவராக 1775இல் அமர்த்தப்பட்டார். 1778இல் உடல் நலிந்து மறைந்தார். அவ்வாண்டு வேலி ஃபோர்ஜ் பாசறையில் படை பசியால் வாடியபோது கனெக்டிகட்டிலிருந்து மாட்டு மந்தைகள் நெடுவழி ஓட்டிச் செல்லப்பட்டன. இளமையில் டிரம்புல் கற்ற தொழில் இப்போது அரசின் தொழிலாயிற்று.

நம்பிக்கையின் தேய்வு

தாள்பணத்தின் மதிப்பு சரிந்தபோது, பொருள் கொடுத்த உழவன் பெற்ற சீட்டு பெறுமானமற்றதாயிற்று. வரிகள் கூடின. ஆளுநரே பகைவருடன் மறைமுக வணிகம் செய்வதாக வதந்தி எழுந்தது. பேரவை ஆராய்ந்து அவர்மீது குற்றமில்லை எனத் தெளிவுபடுத்தியது. போரின் இறுதி ஆண்டுகளில் மக்கள் வாக்கில் பெரும்பான்மை கிட்டாத நிலையிலும் பேரவையே அவரைத் தேர்ந்தது. படை அதிகாரிகளுக்கு ஐந்தாண்டு முழு ஊதியம் வழங்கும் கண்டப் பேராயத்தின் முடிவைக் கனெக்டிகட் மக்கள் கடுமையாக எதிர்த்த 1783இல், டிரம்புல் ஓய்வை அறிவித்தார். அப்போதும் நடுவண் ஆட்சிக்குப் போதிய அதிகாரம் வேண்டுமென வலியுறுத்தினார். 1784இல் பதவி நீங்கி, 1785 ஆகஸ்டில் லெபனானில் மறைந்தார்.

முடிவுரை

டிரம்புலின் ஆட்சி ஆணையால் நடந்ததன்று, இசைவால் நடந்தது. ஆண்டுதோறும் வாக்குக் கேட்கவேண்டிய ஒருவர், அவ்வாக்காளரிடமே மகனையும் மாட்டையும் போர்வையையும் கேட்டார். எட்டாண்டுகள் அவர்கள் கொடுத்தனர். கொடுத்ததற்கு ஈடு வாராதபோது அவரிடமிருந்து விலகினர். போரை வெல்லச்செய்த அதே இசைவுதான் அவரது செல்வாக்கையும் குறைத்தது என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் உண்மையாகும்.