காடு மீட்ட ஹியூகோ வுட்

கொங்கு நாட்டிற்கு மலைகளே அரண். வடக்கே அந்தியூரை அடுத்துப் பர்கூர் மலையும் தெற்கே ஆனைமலையும் காடுகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஆனைமலைக் காடு ஒருகாலத்தில் பெரிதும் அழிந்து, பின்னர் மீண்டது. அம்மீட்சிக்கு வழிவகுத்தவர் ஆங்கிலேய வன அலுவலரான ஹியூகோ வுட் (1870–1933).

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு, கப்பல் கட்டுவதற்கும் இருப்புப்பாதைக் கட்டைகளுக்கும் பெருமளவில் வெட்டப்பட்டது. யானைகள் இழுத்து வந்த மரங்களை மலைமேலிருந்து சரிவில் தள்ளிவிட்டனர். அதனால் அவ்விடம் டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. வெட்டிய வேகத்தில் மரங்கள் நடப்படவில்லை. தேக்கு வளம் குன்றியது.

1915ஆம் ஆண்டளவில் கோவைத் தெற்கு வனக்கோட்டப் பொறுப்பில் இருந்த வுட், அக்காட்டிற்கெனச் செயல்திட்டம் வகுத்தார். கரும்பு வெட்டிய கட்டையில் மறுதாம்பு தழைப்பதை உழவர் அறிவர். தேக்கிற்கும் அவ்வியல்பு உண்டு. எனவே, மரத்தை வேரோடு அகற்றாமல் அடிக்கட்டையை விட்டு வெட்டும் முறையை அவர் புகுத்தினார். வெட்டுவதை அறவே நிறுத்துவது அவர் நோக்கமன்று; எடுத்ததை ஈடுசெய்யக் காட்டிற்குக் காலம் அளிப்பதே நோக்கம்.

கைத்தடியால் மண்ணில் குழியிட்டு, பையிலிருந்த தேக்கு விதைகளை நாள்தோறும் ஊன்றியவாறே அவர் நடந்தார் என்பர். ஆயினும், பெருங்காடு ஒருவர் கையால் மட்டும் வளர்வதில்லை. காடர், மலசர் முதலிய பழங்குடியினரின் உழைப்பும் காடறிவும் இன்றி அங்கு எப்பணியும் நடந்ததில்லை. வுட்டின் பெயர் கல்லில் நிலைத்தது. அவர்தம் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை.

மணம் புரியாது காட்டிலேயே வாழ்ந்த வுட், 1933இல் குன்னூரில் மறைந்தார். அவர் விரும்பியவாறே டாப்சிலிப்பில், தேக்கு மரங்களுக்கிடையே அடக்கம் செய்யப்பெற்றார்.

காட்டை விலங்குகளின் வாழிடமாகவும் காக்கவேண்டும் என்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்தியது. ஆனைமலை 1976இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் உயர்ந்தது. 2024இல் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் 80,000 எக்டேருக்கும் மேற்பட்ட காடு, தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அரசாணை காட்டிற்கு எல்லை வகுக்கும். அவ்வெல்லைக்குள் காடு தழைப்பதற்கோ பொறுமையும் தன்னடக்கமும் வேண்டும். வுட்டின் வாழ்வு உணர்த்தும் பாடம் அதுவே.