காந்தியின் மணிக்கூடு: துலக்குவதா, அப்படியே வைப்பதா?

1927 நவம்பரில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதற்கான அந்தப் பயணத்தில் கஸ்தூரிபா, ராஜாஜி, மகாதேவ் தேசாய் ஆகியோரும் உடன் இருந்தனர். கொழும்பில் தொடங்கி மலையகத்தின் கண்டி, பதுளை, நுவரெலியா, ஹட்டன் ஆகிய இடங்களுக்குச் சென்ற அவர், மாத இறுதியில் யாழ்ப்பாணத்தில் பயணத்தை நிறைவு செய்தார். தோட்டத் தொழிலாளர்களிடம் அவர் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டது மதுவைக் கைவிடும்படிதான். அவர்களும் தம்மிடமிருந்த சில்லறையைக் கதர் நிதிக்குக் கொடுத்தனர்.

அரைவேட்டியோடு வாழ்ந்த அந்த மனிதர் கடைசிவரை கைவிடாத பொருட்களில் ஒன்று மணிக்கூடு. அவருடைய வாழ்க்கையை அதன் வழியாகவும் சொல்லலாம்.

1869 ஒக்ரோபர் 2ஆம் திகதி போர்பந்தரில் பிறந்த காந்தி, 1888இல் சட்டம் படிக்க லண்டன் சென்றார. அங்கே ஆங்கிலக் கனவானாக மாறிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. விலையுயர்ந்த உடை தைத்தார், நடனம் பழகினார். ஊரிலிருந்த அண்ணனிடம் சொல்லி, மணிக்கூட்டுக்கு இரட்டைவடத் தங்கச் சங்கிலி ஒன்றையும் வரவழைத்தார். அந்த மோகம் சில மாதங்களில் அடங்கியது.

1893இல் தென்னாபிரிக்கா சென்றவர் அங்கே இந்தியத் தொழிலாளர்களின் வழக்கறிஞரானார். 1901இல் நாடு திரும்ப முடிவெடுத்தபோது, அங்கிருந்த இந்திய மக்கள் தங்கமும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். தங்க மணிக்கூடுகளும் அவற்றில் இருந்தன. அன்றிரவு காந்தி உறங்கவில்லை. கஸ்தூரிபா கண்ணீரோடு எதிர்த்து வாதாடியும், எல்லாவற்றையும் பொதுப்பணிக்கான அறக்கட்டளைக்கே எழுதிக்கொடுத்தார்.

1921 செப்ரெம்பர் 22ஆம் திகதி மதுரை மேலமாசி வீதியில் மேலாடையையும் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அப்போதும் மணிக்கூட்டைத் துறக்கவில்லை. சட்டைப்பை இல்லாததால் அது இடுப்பிலே தொங்கியது. அடுத்தவரின் நேரத்தை வீணாக்க அவர் விரும்பவில்லை.

அவர் வந்து போன மலையகத்திலோ நேரம் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. விடியுமுன் தப்பொலியோ கொம்பொலியோ லயன்களை எழுப்பும். பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படுவார். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் விழும் பேர்தான் அவர்களின் நாட்காட்டி. நேரத்தைத் தானே அளந்து வைத்திருப்பது அந்த மலைகளில் துரைமாருக்குரிய வசதியாக இருந்தது.

காந்தியிடம் இருந்த மணிக்கூடுகளில் ஒன்று வெள்ளியாலான செனித். அதில் அலாரம் உண்டு. இந்திரா கொடுத்த பரிசு என்று சொல்லப்படுவது. 1947இல் கான்பூர் ரயில் நிலையத்தில் அதை யாரோ திருடிவிட்டார்கள். சில மாதங்களின் பின் திருடியவரே டெல்லிக்கு வந்து, திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். 1948 ஜனவரி 30ஆம் திகதி மாலை, பட்டேலுடனான பேச்சு நீண்டு பிரார்த்தனைக்கு நேரமானது. ஆபா அவரது மணிக்கூட்டை எடுத்துக் காட்டி நினைவூட்டினார். வழக்கத்துக்கு மாறாகச் சில நிமிடங்கள் பிந்தி விரைந்து நடந்தவரைத் துப்பாக்கி நிறுத்தியது.

2009 மார்ச்சில் அந்தச் செனித், அவரது மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு நியூயோர்க்கில் 18 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அதுபோன்ற புதிய மணிக்கூடு ஒன்றுக்கு யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை. உள்ளே இருப்பவை பற்சக்கரங்களும் வில்லும்தான். விலை கொடுக்கப்பட்டது அதைத் தொட்ட வாழ்க்கைக்கு.

பழைய மணிக்கூட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கே பழுதுபார்க்க அனுப்பினால், பெரும்பாலும் அது புதிதுபோலத் திரும்பிவரும். கூட்டைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். மங்கிய முகப்பையும் முட்களையும் மாற்றுவார்கள். வேண்டுமானால் வேறு நிற முகப்பும் கிடைக்கும். திகதி, மாதம், நிலவின் பிறை ஆகியவற்றைக் காட்டும் விலையுயர்ந்த கைமணிக்கூடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சீனாவின் கடைசிப் பேரரசர் பூயி வைத்திருந்த பட்டேக் பிலிப் அத்தகையது. சோவியத் சிறையிருப்பில், அதன் முகப்பு பிளாட்டினமா என்று பார்க்கத் தன் பணியாளரைக் கொண்டு சுரண்ட வைத்தார் என்பது அதன் கதை. பாதி சுரண்டிய அந்த முகப்பை எவரும் மாற்றவில்லை. 2023 மேயில் ஹொங்கொங்கில் அது 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. புது முகப்புப் போட்டிருந்தால் அந்தச் சிறைவாழ்வின் தடம் அழிந்திருக்கும்.

மதுரைக் காந்தி அருங்காட்சியகத்தில் அவர் இறந்தபோது உடுத்தியிருந்த துணியின் பகுதி இரத்தக் கறையோடு இருக்கிறது. துவைத்து வெளுத்திருந்தால் அது சாதாரணக் கதர்த்துணி. கறைதான் சாட்சி.

காந்தி இறந்த அதே 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. பிறப்பையும் வதிவையும் நிரூபிக்கக் கடதாசி கேட்டார்கள். தலைமுறைகளாக உழைத்த பலரிடம் கடதாசி இருக்கவில்லை. ஒரு பழைய துண்டின் பெறுமதியை அந்த மக்கள் அன்று அறிந்துகொண்டார்கள். 1977 வன்செயலின் பின் வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் 2009 வரை போரிலும் சிக்கி மறுபடியும் எல்லாவற்றையும் இழந்தன.

அப்படி இழந்தவர்களின் வீடுகளில் இன்றும் நின்றுபோன மணிக்கூடு ஒன்று இருக்கக்கூடும். கண்ணாடி வெடித்து, திகதி ஏதோ ஒரு நாளில் நின்று, பட்டி இற்றுப்போய் இருக்கும். அதை ஓடவைக்க விரும்புவதில் தவறில்லை. காந்தியும் மணிக்கூட்டை வைத்திருந்தது நேரம் பார்க்கத்தான். ஆனால் திருத்துபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் போதும், கூட்டைத் தேய்க்க வேண்டாம், முகப்பை மாற்ற வேண்டாம், கழற்றும் பழைய பாகம் எதுவானாலும் திருப்பித் தரவேண்டும். கொடுப்பதற்கு முன் நின்றிருக்கும் நேரத்தையும் திகதியையும் பின்பக்க இலக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவரோடு தொடர்புடைய பொருளென்றால் ஓடவைக்கவும் அவசரப்பட வேண்டாம். 2025 ஓகஸ்ட்டில் செம்மணிப் புதைகுழியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அங்கே தாய்மார் தேடிப்போனது தைத்த ஒரு கிழிசலையும் தேய்ந்த ஒரு ஓரத்தையும்தான். துலக்கிப் புதிதாக்கிய பொருளில் அந்த அடையாளம் இருக்காது.