கணிப்பொறியும் ஆலன் டூரிங்கும்

தேர்வுக்கு முந்திய இரவு. விடுதி அறையில் அமர்ந்து கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறோம். திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது. அடுத்த அறை நண்பரின் பொறியோ சில நொடிகளில் விழித்தெழுந்து வேலைக்கு அணியமாகிவிடுகிறது. இரண்டும் ஒரே ஆண்டில் வாங்கியவை. கணக்கிடும் வேகத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. பின் ஏன் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று உறங்குகிறது? இவ்வினாவிற்கு விடை தேடிச் செல்வோர் வழியில் ஒரு மனிதரைச் சந்தித்தே ஆகவேண்டும். அவரே ஆலன் டூரிங்.

திருப்பதியில் பயிலும் நம்மில் பலர் விடுமுறை நாளில் சந்திரகிரிக் கோட்டைக்குச் சென்றிருப்போம். அக்கோட்டைக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு, சற்றுச் சுற்றி வரும் உறவு. சந்திரகிரியை ஆண்ட விசயநகர மரபினரின் காலத்தில், 1639-ஆம் ஆண்டில், அவர்களுக்கு அடங்கிய நாயக்கர் ஒருவர் ஆங்கிலக் கும்பினியாருக்குக் கடற்கரையோரம் ஒரு துண்டு நிலம் அளித்தார். அந்நிலத்தில் எழுந்தது சென்னைக் கோட்டை. அதைச் சுற்றி வளர்ந்தது சென்னை மாகாணம். பின்னாளில் சந்திரகிரியும் அதனுள் அடங்கிற்று. அம்மாகாணத்திற்கு ஆட்சிப் பணியாற்ற வந்த ஆங்கிலேயருள் ஒருவர் ஜூலியஸ் டூரிங். பணியேற்குமுன் தமிழும் பயின்றவர். அவருடைய இளைய மகனே நம் கட்டுரையின் தலைவர்.

பிறப்பும் இளமையும்

ஆலனின் தாயார் சாரா, கோவையை அடுத்த போத்தனூரில் 1881-இல் பிறந்தவர். சாராவின் தந்தை எட்வர்ட் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளர்; ஓசையின்றி விசிறி இழுக்க ஒரு சக்கரம் புனைந்து உரிமை பெற்றவர். அக்குடும்பத்தின் இல்லம் குன்னூரில் இருந்தது. மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரிலேயே பிறந்தான். இளையவன் ஆலன் இலண்டனில் 1912-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள் பிறந்தான்.

பெற்றோர் மீண்டும் சென்னை மாகாணத்திற்குக் கப்பலேறினர். பிள்ளைகள் இங்கிலாந்திலேயே ஓர் ஓய்வுபெற்ற படைத்தலைவர் வீட்டில் விடப்பட்டனர். தாயின் மடியும் தந்தையின் தோளும் ஆண்டுக் கணக்கில் கடலுக்கு அப்பால் இருந்தன. தனிமையே அச்சிறுவனுக்குத் தோழனாயிற்று.

பதின்மூன்றாம் வயதில் ஷெர்போர்ன் பள்ளியில் சேரவேண்டிய நாள் வந்தது. அது 1926; நாடெங்கும் பொது வேலைநிறுத்தம்; இரயில் ஓடவில்லை. சிறுவன் கலங்கவில்லை. மிதிவண்டியில் ஏறினான், வழியில் ஓரிரவு தங்கினான், ஏறத்தாழ 60 மைல் கடந்து பள்ளி வாயிலை அடைந்தான். எந்தப் பாதை அடைபட்டதோ அதற்கு மாற்றுப் பாதை தேடும் இயல்பு அன்றே அவனிடம் இருந்தது.

அப்பள்ளியில் கிறிஸ்டோபர் மார்க்கம் என்னும் மாணவன் அவனுக்கு ஆருயிர் நண்பனானான். அறிவியலில் இருவரும் ஒருவரையொருவர் தூண்டி வளர்ந்தனர். 1930-இல் மார்க்கம் நோயால் இறந்தான். அப்பிரிவு ஆலனின் உள்ளத்தை உலுக்கியது. மனம் என்பது யாது, உடல் என்னும் பொறியோடு அதற்குள்ள தொடர்பு யாது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

தாளில் பிறந்த பொறி

1931-இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயிலச் சேர்ந்தார். 23-ஆம் வயதைக் கடக்குமுன் அக்கல்லூரியின் ஆய்வாளர் குழுவில் இடம் பெற்றார். 1936-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கணிதத்தின் எல்லா வினாக்களுக்கும் முடிவு சொல்லத்தக்க ஒரு முறை உண்டா என்பதே அவர் எடுத்த பொருள். இல்லை என்று நிறுவினார். அதை நிறுவுவதற்காகக் கற்பனையில் ஒரு பொறியைப் படைத்தார்: முடிவில்லாத ஒரு நாடா, அதில் கட்டங்கள், கட்டத்துக்குள் குறிகள், ஒவ்வொரு குறியாகப் படித்து எழுதி நகரும் ஒரு தலை.

இதில் உயிரான செய்தி ஒன்று உண்டு. வேலைக்கு ஒரு பொறி வேண்டியதில்லை. ஒரே பொறி எல்லா வேலையும் செய்யும். என்ன செய்யவேண்டும் என்னும் கட்டளைகளையும் அதே நாடாவில் எழுதிக் கொடுத்தால் போதும். காலையில் கணக்கு, மாலையில் கடிதம், இரவில் இசை என நம் மேசையிலுள்ள பெட்டி வேடம் மாற்றுவதெல்லாம் இக்கருத்தின் பயனே.

ஆனால் இதிலேயே ஒரு சிக்கலும் பிறந்தது. கட்டளை நினைவகத்தில் இருந்தால்தான் பொறி இயங்கும். மின்சாரம் நின்றால் விரைவு நினைவகம் வெறுமையாகிவிடும். மறுநாள் பொத்தானை அழுத்தும்போது கட்டளைகளைக் கொண்டு வா என்று கட்டளையிடுவதற்கே உள்ளே கட்டளை இராது! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை இது. இந்தப் பூட்டை எவ்வளவு விரைவாகத் திறக்கிறோம் என்பதுதான், கணிப்பொறி எவ்வளவு விரைவாக விழிக்கிறது என்பதன் பொருள்.

போரும் பொறியும்

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1938-இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார் டூரிங். 1939 செப்டம்பரில் போர் மூண்டது. பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் பகைவரின் மறைமொழியை உடைக்கும் பணியில் அமர்ந்தார். செர்மானியரின் எனிக்மாப் பொறி நாள்தோறும் அமைப்பு மாற்றும். மாறுமுன் கண்டுபிடிக்க வேண்டும். நாள் கடந்த செய்தி நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கு உதவாது. அதற்கென அவர் வகுத்த பாம்ப் என்னும் பொறி 1940 முதல் இயங்கியது. கடற்படை மறைமொழியை உடைத்த பிரிவுக்கு அவரே தலைவர். விடை சரியாய் இருப்பது மட்டும் போதாது, காலத்தில் வரவேண்டும் என்பதைக் கணித அறிஞர் ஒருவர் இதைவிடக் கடுமையாக வேறெங்கே கற்றிருக்க முடியும்?

காத்திருத்தல் என்னும் பகை

1945 அக்டோபரில் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். சில திங்களில் ஏஸ் என்னும் கணிப்பொறிக்கு முழுத் திட்டம் வரைந்து கொடுத்தார். கணக்கிடும் உறுப்பை விரைவாக்குவது பெரிதன்று. தக்க நினைவகம் அமைவதே கணிப்பொறிச் சிக்கலின் திறவுகோல் என்று 1947 பிப்ரவரியில் இலண்டன் கணிதக் கழகத்தில் எடுத்துரைத்தார்.

அந்நாளைய நினைவகம் விந்தையானது. பாதரசம் நிறைந்த ஐந்தடிக் குழாயில் ஒலித் துடிப்புகளை ஒரு முனையில் விடுவர். மறு முனைக்கு வந்ததும் பிடித்து மீண்டும் முதல் முனைக்கு அனுப்புவர். எழுத்துகள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். வேண்டிய எழுத்து அப்போதுதான் கடந்து போயிருந்தால் அடுத்த சுற்று வரும்வரை பொறி கைகட்டி நிற்கவேண்டும். சந்திரகிரிப் பேருந்து கண்ணெதிரே புறப்பட்டுப் போய்விட்டால் அடுத்த வண்டி வரும்வரை நிலையத்தில் நிற்கிறோம் அல்லவா? அதே நிலைதான்.

டூரிங் கண்ட வழி எளியது, நுண்ணியது. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்காதே. ஒரு கட்டளை முடியும் நொடியில் அடுத்த கட்டளை குழாயின் வாயில் வந்து நிற்கும்படி இடம் பார்த்து வை. நாம் நிலையத்தில் காலெடுத்து வைக்கும்போதே வண்டியும் வந்து நின்றால் காத்திருப்பு ஏது? ஆய்வகத்தின் தாமதங்களால் மனம் நொந்து 1948-இல் அவர் விலகினார். ஆயினும் அவர் திட்டத்தின் வழியில் பிறர் கட்டிய சிறு ஏஸ் 1950 மே திங்களில் இயங்கியபோது அக்காலத்து மிக விரைவான பொறிகளுள் ஒன்றாய் விளங்கிற்று. காத்திருப்பைக் குறைத்ததே அதன் வலிமை.

முதல் கட்டளை

1948 சூன் 21-ஆம் நாள் மான்செஸ்டரில் ஒரு சிறு பொறி தன் நினைவகத்திலிருந்த 17 கட்டளைகளை முதன்முதலாக நிறைவேற்றியது. அவற்றை மனிதர் கையால், விசை விசையாகத் தட்டி உள்ளே இட்டனர். அவ்வாண்டே டூரிங் அங்குச் சென்றார். அடுத்து வந்த பெரிய பொறிக்கு, தொலை அச்சுப்பொறியின் துளை நாடா வழியே கட்டளை ஏற்றும் முறையை வகுத்தார். செயல்முறை நூலும் எழுதினார்.

கேம்பிரிட்ஜில் 1949 மே திங்களில் எட்சாக் பொறி எழுந்தது. அங்கே டேவிட் வீலர் என்னும் இளைஞர் 31 கட்டளைகளைத் தொலைபேசி நிலையத்துச் சுழல்விசைகளில் நிலையாகப் பதித்துவைத்தார். பொத்தானை அழுத்தியதும் அவை தாமே நினைவகத்தில் ஏறும். ஏறி, நாடாவிலுள்ள மற்றக் கட்டளைகளைப் படித்துக் கொணரும். சாவியின் ஒரு படி பெட்டிக்கு வெளியே கட்டித் தொங்கவிடப்பட்டது! அப்பொறியின் தொடக்கத்தையொட்டி அவ்வாண்டு சூனில் கூடிய மாநாட்டில் டூரிங்கும் உரையாற்றினார்.

இன்றும் முறை அதுவே. விசை தட்டியதும் மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சில்லிலிருந்து முதற் கட்டளைகள் எழுகின்றன. அவை உறுப்புகளைச் சோதித்து, தட்டிலுள்ள இயங்குதளத்தை விரைவு நினைவகத்துக்குக் கொணர்கின்றன. அதன்பின் மற்ற நிரல்கள் வரிசையில் வருகின்றன.

இனி விடுதி அறை வினாவிற்கு வருவோம். நம் பொறியில் இருப்பது சுழலும் வன்தட்டு. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு நொடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு நேரம் ஆகும். வேண்டியது தலைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு. தலை தன் இடம் பெயரும் நேரம் வேறு. அந்த அரைச் சுற்றுக்குள், நொடிக்கு 300 கோடி துடிப்புள்ள செயலி 1 கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளை வீணே கழிக்கும். எழும் நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தட்டில் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தால் கேட்க வேண்டுமா? நண்பரின் பொறியில் இருப்பதோ சுழலாத தட்டு, எஸ்.எஸ்.டி. என்பர். அங்கே சுற்றுமில்லை, தலையுமில்லை. நொடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே பொருள் கைக்கு வரும். சமையற்காரர் எவ்வளவு கைவேகம் உடையவராயினும், களஞ்சியத்திலிருந்து அரிசி வந்தாலன்றோ உலை வைப்பார்? பழைய பொறிக்குப் புதிய செயலி தேடுவதைவிடத் தட்டை மாற்றுவது பயன் தருவது இதனாலேயே. எழும்போதே தாமாக எழும் தேவையற்ற நிரல்களை நீக்குவதும், அணைக்கும்போது இயங்குதளக் கருவின் நிலையைத் தட்டில் எழுதிவைத்து மறுமுறை அப்படியே மீட்பதும் பிற வழிகள். விண்டோஸில் 2012 முதல் இம்முறை உண்டு. எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே: செயலியைக் காத்திருக்க வைக்காதே. டூரிங் பாதரசக் குழாயின் முன் நின்று கற்றுத்தந்த பாடம் இது.

முடிவும் பின்னும்

டூரிங் காலோட்டத்திலும் விரைவானவர். 1947-இல் மாரத்தான் தொலைவை 2 மணி 46 நிமிடம் 3 நொடியில் ஓடி முடித்தார். 1950-இல் பொறி சிந்திக்குமா என்று ஆராய்ந்து எழுதினார். 1951-இல் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

மறு ஆண்டே இடி விழுந்தது. ஆணொருவரோடு அவருக்கிருந்த உறவைக் குற்றமென்றது அந்நாட்டுச் சட்டம். நீதிமன்றத்தில் அவர் மறைக்கவில்லை. சிறைக்கு மாற்றாக, உடலையும் உள்ளத்தையும் நலிவிக்கும் இயக்குநீர் மருந்து அவருக்குச் செலுத்தப்பட்டது. மறைமொழிப் பணிக்கு அவரை அழைப்பதும் நின்றது. நாட்டைக் காத்த பணியோ வெளியில் சொல்லக்கூடாத மறைபொருள். 1954 சூன் 7-ஆம் நாள், 42 அகவையை எட்டுமுன், சயனைடு நஞ்சால் அவர் உயிர் பிரிந்தது. தற்கொலை என்றது விசாரணை. தற்செயல் என்றே தாய் நம்பினார். போத்தனூரில் பிறந்த அத்தாய், முதுமையில், தம் மகனின் வரலாற்றைத் தாமே எழுதி 1959-இல் வெளியிட்டார். திருப்பதியில் பல்கலைக்கழகம் தோன்றியதும் டூரிங் மறைந்த அதே 1954-இல்தான்.

1967-இல் இங்கிலாந்தில் அச்சட்டம் தளர்ந்தது. 2009-இல் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்தது. 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. 2021-இல் ஐம்பது பவுன் தாளில் அவர் முகம் அச்சாயிற்று. ஆங்கிலேயர் நம் நாட்டில் விட்டுச்சென்ற அதே வகைச் சட்டத்தின் பிடியை நம் உச்ச நீதிமன்றம் தளர்த்தியதோ 2018-இல்.

நண்பர்களே, பொறி ஒரு நிமிடம் தாமதித்தால் நாம் பொறுமை இழக்கிறோம். அப்பொறிக்குக் கருத்தளித்த மனிதருக்கு நீதி கிடைக்க 55 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அடுத்த முறை திரையில் வட்டம் சுழலும்போது இதனை ஒரு கணம் எண்ணுவோம். நம்மோடு பயில்வோரில், தனித்து நிற்பதாலேயே ஒதுக்கப்பட்டு, ஒரு நல்ல சொல்லுக்குக் காத்திருப்போர் எவரேனும் உண்டா என்றும் அக்கணத்தில் திரும்பிப் பார்ப்போம்.