பூமியை அளந்த லாம்ப்டன்

சித்திரை முதல் நாள் தருமபுரியில் வெயிலில் ஒரு குச்சியை நட்டு வைத்துப் பாருங்கள். கடிகாரம் பகல் 12 அடித்த பிறகும் அதன் நிழல் குறுகிக்கொண்டே இருக்கும். 12 மணி 17 நிமிஷம் ஆகும்போதுதான் நிழல் மிகவும் குட்டையாகும். அதுவே தருமபுரிக்கு உச்சிவேளை. அதே நாளில் சென்னையில் 12 மணி 9 நிமிஷத்துக்கே சூரியன் உச்சிக்கு வந்துவிடுவான்.

இந்த எட்டு நிமிஷ வித்தியாசம் ஏன்?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிஷம். இந்தியா முழுவதும் பின்பற்றும் நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை ஏறக்குறைய 80¼ பாகையில் இருக்கிறது. தருமபுரி 78 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. பாகை வித்தியாசத்தை நான்கால் பெருக்கினால் நிமிஷக் கணக்கு வந்துவிடும்.

இன்று இது பள்ளிப் பையன் போடும் கணக்கு. ஆனால் எந்த ஊர் எத்தனையாவது பாகையில் இருக்கிறது, ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்பது இருநூறு வருஷங்களுக்கு முன் இந்த நாட்டில் சரியாகத் தெரியாது. அதைக் கண்டறிவதற்காகவே வாழ்ந்து, அந்த வேலையிலேயே உயிரை விட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் வில்லியம் லாம்ப்டன்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு சாதாரணக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர் லாம்ப்டன். கணக்கில் கெட்டிக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனார். அங்கே நடந்த சுதந்திர யுத்தத்தில் கைதியாகவும் இருந்தார். பிறகு கனடாவில் பல வருஷங்கள் சிறு உத்தியோகம் பார்த்தார். மற்ற சிப்பாய்கள் சீட்டாடிப் பொழுதைப் போக்கியபோது இவர் கணித நூல்களையும் வான சாஸ்திர நூல்களையும் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பில்லாமல் பார்த்ததால் ஒரு கண் பழுதுபட்டது. அப்போதும் வானத்தைப் பார்ப்பதை அவர் விடவில்லை.

நாற்பது வயதுக்கு மேல்தான் இந்தியாவுக்கு வந்தார்.

நட்சத்திரம் காட்டிய வழி

1799-ம் ஆண்டு திப்பு சுல்தான்மீது கும்பினிப் படை போர் தொடுத்தது. வேலூரிலிருந்து புறப்பட்ட பெரும்படை ராயக்கோட்டை வழியாக மைசூர்ச் சீமைக்குள் நுழைந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டம் பிறந்தபோது ராயக்கோட்டை அதில் இருந்தது. 2004-லிருந்து அது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய பின் ஒரு நாள் இரவு, ஜெனரல் பெய்ர்ட் ஒரு படைப் பிரிவை நடத்திச் சென்றார். அவருக்கு உதவியாக இருந்தவர் லாம்ப்டன். இருட்டில் நடந்துகொண்டிருந்த லாம்ப்டன் வானத்தை அண்ணாந்து பார்த்துத் திடுக்கிட்டார். முகாமுக்குத் திரும்பத் தெற்கே போக வேண்டிய படை, வடக்கே திப்புவின் பாசறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது! உடனே ஜெனரலிடம் சொன்னார். நட்சத்திரத்தைப் பார்த்து வழி சொல்கிறாரே என்று ஜெனரல் நம்பவில்லை. கடைசியில் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்ப்டன் சொன்னதே சரி என்று தெரிந்தது. படை தப்பியது.

வட துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அத்தனையே அந்த ஊரின் அட்சரேகை. தருமபுரியில் அது சுமார் 12 பாகை. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே அந்த நட்சத்திரத்தைக் காணலாம்.

பரங்கிமலையில் தொடக்கம்

போர் முடிந்ததும், தென்னிந்தியாவைக் குறுக்கே அளந்து, பூமியின் வடிவத்தையும் கணிக்கலாம் என்று லாம்ப்டன் ஒரு திட்டம் கொடுத்தார். அதிகாரிகள் சிலர் நகைத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இதற்கு நட்சத்திரக் கணக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். ஆனாலும் அனுமதி கிடைத்தது.

கருவிகள் வந்த கதை விசித்திரமானது. அளவுச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகப் போய் அங்கே ஏற்கப்படாமல் திரும்பியது. கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். அது ஏறி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். இது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் அந்தத் தீவின் கவர்னர் பெருந்தன்மையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

1802 ஏப்ரல் 10-ந் தேதி, பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடிச் சங்கிலியை நானூறு தடவை மாற்றி மாற்றி வைத்து, ஏழரை மைல் தூரத்தை 57 நாளில் அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளுமே என்று வெப்பமானி வைத்து அதற்கும் கணக்குப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு சங்கிலி அதிகம் தேவைப்படவில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம் அல்லவா? குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம் முக்கோணங்கள் படர்ந்தன. சென்னையிலிருந்து மங்களூர்க் கரை எட்டியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. தீபகற்பத்தின் அகலம் பழைய படங்களில் கண்டபடி 400 மைல் அல்ல; சுமார் 360 மைல்தான்!

குமரி நோக்கி

பிறகு 78-வது பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி வடக்குத் தெற்காக அளவை நீண்டது. பெங்களூரிலிருந்து காவிரி பாயும் மலைக்காடுகள் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கி, குமரி முனை அருகே அது முடிந்தது. தருமபுரி ஏறக்குறைய அந்த ரேகைமீதே அமைந்த ஊர்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் பெரும் விபத்து நேர்ந்தது. தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறு ஆளாக இருந்தால் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் தம் கையாலேயே நிமிர்த்தி அதைச் சரி செய்தார்.

ரேகையின் இரண்டு முனையிலும் ஒரே நட்சத்திரத்தை உச்சி வானத்தில் அளந்தால், நடுவே எத்தனை பாகை என்று தெரியும். முக்கோணக் கணக்கில் மைல் தெரியும். வகுத்தால் ஒரு பாகையின் நீளம் கிடைக்கும். நம் பக்கத்தில் அது சுமார் 110½ கிலோமீட்டர். துருவத்துக்குப் போகப் போக இந்த நீளம் கூடும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதற்கு இது சாட்சி.

இதை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். சென்னை தருமபுரிக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு பாகை. அது 105 கிலோமீட்டர். கிழக்கே இரண்டு பாகைக்குச் சற்று அதிகம். அது 230 கிலோமீட்டர். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்தால், காகம் பறக்கும் தூரம் சுமார் 250 கிலோமீட்டர்.

கூடாரத்தில் முடிந்த வாழ்வு

காடும் காய்ச்சலும் அவர் கூட்டத்தை வாட்டின. பெயர் தெரியாத எத்தனையோ கொடி பிடிப்பவர்களும் கூலியாட்களும் நோயில் விழுந்தார்கள். 1794-ல் தொடங்கிய சென்னை சர்வே பள்ளியில் பயின்ற இளைஞர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். அந்தப் பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி.

எழுபது வயதை நெருங்கியும் லாம்ப்டன் ஓயவில்லை. நாகபுரி நோக்கிப் போகும் வழியில், 1823 ஜனவரி 20-ந் தேதி, இங்கன்காட் என்ற ஊரில் தம் முகாமிலேயே கண்ணை மூடினார். அதற்குள் குமரியிலிருந்து ஏறக்குறைய 10 பாகை தூரம் அளந்து முடித்திருந்தார்.

அவருடைய வேலையைத் தொடர்ந்து இமயம் வரை கொண்டுபோனவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்கு அந்தச் சீடரின் பெயர் கிடைத்தது. குருவுக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. ஆனால் அவர் பரங்கிமலையில் போட்ட முதல் கோட்டிலிருந்துதான் அந்தச் சிகரத்தின் உயரம் வரை கணக்குப் போய்ச் சேர்ந்தது. லாம்ப்டனின் சமாதி இன்றும் இங்கன்காட்டில் இருக்கிறது.