வண்டுகளை எண்ணிய பாஸ்கரர்

பாஸ்கராச்சாரியர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, நீர்க்கடிகாரத்தில் முத்து விழுந்ததால் திருமண முகூர்த்தம் தவறிப்போன மகள் லீலாவதியின் கதை. அது அவர் மறைந்து நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், 1587-இல் அந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்த ஃபைஸியின் முன்னுரை வழியே பரவியது. உருக்கமான கதைதான், ஆனால், அவருடைய கணக்குகளை அது மறைத்துவிட்டது.

1114-இல் பிறந்த அவருக்குத் தந்தை மகேஸ்வரரே ஆசான். 1150-இல், 36 வயதில், சித்தாந்த சிரோமணியை இயற்றினார். லீலாவதியும் பீஜகணிதமும் அதன் பகுதிகள்.

அவருடைய வண்டுக் கணக்கு புகழ்பெற்றது. ஒரு வண்டுக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் அளவு வண்டுகள் மாலதிச் செடிக்குச் சென்றன. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் சென்றது. எஞ்சியவை இரண்டு: இரவில் தாமரைக்குள் அகப்பட்ட ஆண் வண்டு, வெளியே ரீங்கரிக்கும் அதன் துணை. மொத்தம் எத்தனை?

வர்க்கமூலம் உள்ள சமன்பாட்டைக் கண்டதும் இருபுறமும் வர்க்கப்படுத்துவதே நம் மாணவர் வழக்கம். பாஸ்கரர் பீஜகணிதத்தில் கூட்டத்தையே ஓர் எண்ணின் வர்க்கத்தைப்போல் இருமடங்கு என்று கொண்டார். பாதியின் மூலம் அந்த எண்ணாகவே ஆகிவிட, மூலக்குறி மறைந்து எளிய இருபடிச் சமன்பாடு எஞ்சியது. எண் 6, வண்டுகள் 72. சரிபார்க்கலாம்: 6, 64, 2.

அதே சமன்பாடு குறை ஒன்றரை என்ற மதிப்பையும் தரும். அதை ஏற்றால் நாலரை வண்டு; முதல் கணக்கில் இட்டால் பொருந்தவும் பொருந்தாது. வர்க்கமூலக் கணக்குகளில் இத்தகைய போலி விடைகள் எப்போதும் காத்திருக்கின்றன.

குரங்குக் கணக்கில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, அதன் வர்க்கம் குகைக்குள் சென்றது, மரக்கிளையில் ஒன்று. 50, 5 என்ற இரண்டுமே சமன்பாட்டுக்குப் பொருந்துகின்றன. பாஸ்கரரோ 5-ஐத் தள்ளினார். ஒன்றில் மூன்று போனால் எஞ்சும் குறை எண்ணை உலகோர் ஒப்பார் என்பது அவர் காரணம். பொருளியல் மாதிரிகளில் குறை விலையைத் தள்ளும்போதெல்லாம் நானும் இதையே செய்திருக்கிறேன். நம் தேர்வுத்தாள்களோ செய்முறைக்கு மதிப்பெண் தருகின்றன, விடையைத் திரும்பிப் பார்ப்பதற்குத் தருவதில்லை.

அவருடைய பேரன் சங்கதேவர், தாத்தாவின் நூல்களைக் கற்பிக்கவென்றே ஒரு மடம் நிறுவினார். அதற்கு 1207-இல் அளித்த கொடையைப் பொறித்த கல்வெட்டு, மகாராஷ்டிரத்தின் சாலிஸ்காவ் அருகே பாடண் என்ற ஊரில் கிடைத்தது.